சட்டையில் எழுதியிருக்கும் எண்



சேபர் என்ற பெயரைத் தமிழ்நாட்டில் பலர் முதன்முதலாகக் கேட்டது பவானி தேவியின் புண்ணியத்தில்தான். சென்னைப் பெண், ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியர். 2021-இல் டோக்கியோவில் அவர் கையில் இருந்த வாளுக்குப் பெயர் சேபர். அது விளையாட்டுக்கென்று செய்த மெல்லிய வாள். விதிப்படி 500 கிராமைத் தாண்டக் கூடாது. இடுப்புக்குக் கீழே பட்டால் புள்ளி கிடையாது. நான் இன்று பேசப்போவது அந்த வாளின் பாட்டனைப் பற்றி.

ஐரோப்பாவில் குதிரைப்படை வீரர்களும் காலாட்படை அதிகாரிகளும் இடுப்பில் கட்டிக்கொண்டு போருக்குப் போன சேபர் பெரும்பாலும் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோவரை எடை இருக்கும். அதை எப்படி வீசுவது, எப்படித் தடுப்பது என்று விரிவாகப் புத்தகங்கள் வந்தன. 1796-இல் லெ மார்ச்சன்ட் என்ற அதிகாரி பிரிட்டிஷ் குதிரைப்படைக்கு ஒரு பயிற்சி முறையை வகுத்துக் கொடுத்தார். ஆயிரத்தொரு இரவுகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தாரே, அந்த ரிச்சர்ட் பர்ட்டன், அவரும் 1876-இல் காலாட்படைக்கு ஒரு வாள்பயிற்சி நூல் எழுதினார். 1889-இல் ஆல்ஃபிரட் ஹட்டன் என்பவரின் ‘கோல்ட் ஸ்டீல்’ வந்தது. இத்தாலியில் மிலான் நகரத்து ரதாயெல்லி தனக்கென்று ஒரு வழி கண்டார்.

போர்க்களத்தில் வாளுக்கு இடமில்லாமல் போனபின் இந்தப் புத்தகங்களுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் 1990-களிலிருந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆர்வலர்கள் பலர் இவற்றை மறுபடி எடுத்து, வரிக்கு வரி படித்து, முனை மழுக்கிய எஃகு சேபரால் பழகிப் பார்க்கிறார்கள். ஐ.டி.யில் வேலை பார்ப்பவர், பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற தபால்காரர் என்று எல்லா வகை ஆட்களும் உண்டு. இவர்கள் மோதும்போது வாளோடு வாள் உரசிவிட்டு விலகுவதில்லை. வெட்டு உடம்பில் விழ வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆகவே புதிதாகச் சேருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, என்ன வாங்கி மாட்டிக்கொள்வது?

கடைக்காரர் காட்டும் சட்டையில் ஓர் எண் இருக்கும். 350 நியூட்டன் அல்லது 800 நியூட்டன். முகக்கவசத்தின் கழுத்துத் துணியில் 1600 என்றுகூட இருக்கலாம். பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கிவிட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். அந்த எண் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும்.

அதற்கு 1982-க்குப் போக வேண்டும். ரோம் நகரில் உலக வாள்வீச்சுச் சாம்பியன்ஷிப். சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவும் மேற்கு ஜெர்மனியின் மத்தியாஸ் பெஹரும் மோதுகிறார்கள். ஸ்மிர்னோவ் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபாயில் என்ற வேறு வகை வாளுக்கான பிரிவில் தனிநபர் தங்கம் வென்றவர். மோதலின் நடுவே பெஹரின் வாள் முறிந்தது. முறிந்த அலகு ஸ்மிர்னோவின் முகக்கவச வலையைத் துளைத்துக் கண் வழியாக மூளைக்குள் இறங்கிவிட்டது. சில நாள்களில் அவர் இறந்தார். பெஹர் மேல் எந்தத் தவறும் இல்லை. இருவருமே விதிப்படி விளையாடியவர்கள்.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் வாள்வீச்சு உலகம் விழித்துக்கொண்டது. முகக்கவச வலை பலமானது. உடைக்குள் கெவ்லார் போன்ற வலுவான இழைகள் வந்தன. அவ்வளவு எளிதில் முறியாத எஃகில் வாள்கள் செய்யப்பட்டன. இன்றைக்கும் முகக்கவச வலையைச் சோதிக்க 12 கிலோ விசையோடு ஒரு கூர்முனையை அழுத்திப் பார்க்கும் கருவி இருக்கிறது. துணியையும் கூரான எஃகு முனையால் குத்திப் பார்த்து, எவ்வளவு விசைவரை கிழியாமல் தாங்குகிறது என்று அளப்பார்கள். சட்டையில் எழுதியிருப்பது அந்த அளவுதான்.

ஆக, முறிந்த வாள் உள்ளே நுழைவதற்கு எதிரான எண் அது. முக்கால் கிலோ எஃகு மேலிருந்து இறங்கி உங்கள் கட்டைவிரலில் விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. 800 நியூட்டன் சட்டை மெல்லியதாகவே இருக்கலாம். அதைப் போட்டுக்கொண்டு முழங்கையில் ஒரு வெட்டு வாங்கினால், துணி கிழியாது. எலும்பு விரிசல் விட்டிருக்கும். சேபர் பயிற்சியில் தினமும் எதிர்ப்படுவது இந்த இரண்டாவது ஆபத்துதான். அதற்குப் பஞ்சு வேண்டும், பஞ்சுக்கு மேல் கெட்டியான தகடு வேண்டும்.

கையிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கலையில் அதிகம் அடி வாங்குவது கைதான். எதிராளிக்கு மிக அருகில் நீட்டிக்கொண்டிருப்பது அது. மணிக்கட்டையும் முன்கையையும் குறிவைத்து வெட்டுவதைப் பழைய ஆசான்களே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என்ன கையுறை வாங்குவது என்பதை உங்கள் வாளின் கைப்பிடிதான் முடிவு செய்ய வேண்டும். 1796 மாதிரி குதிரைப்படை சேபரில் விரல்களுக்கு முன்னால் ஒற்றை இரும்புப் பட்டை வளைந்திருக்கும், அவ்வளவுதான். பக்கவாட்டில் வரும் வெட்டு நேராக விரலில் விழும். இத்தாலியப் பயிற்சி சேபரில் கை முழுவதையும் மறைக்கும் அகலமான தகடு உண்டு. முன்னதற்கு விரல்கள் மேல் தகடு பதித்த கையுறை வேண்டும். பின்னதற்குக் கொஞ்சம் இலகுவானதே போதும்.

இரு கைகளாலும் பிடிக்கும் நீள்வாளுக்கென்று மிகப் பருமனான கையுறைகள் விற்கின்றன. அவற்றில் பாதுகாப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் அதை மாட்டிக்கொண்டு சேபர் கைப்பிடியின் வளைவுக்குள் கையை நுழைத்துப் பாருங்கள். பல நேரம் நுழையவே நுழையாது. திணித்து நுழைத்தாலும் கட்டைவிரல் பிடியின் முதுகில் படிந்து உட்காராது. அப்புறம் வாள் கைக்குள் உருளும், அலகின் ஓரம் விழ வேண்டிய இடத்தில் தட்டையான பக்கம் விழும். அதனால் கையுறை வாங்கப் போகும்போது வாளையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மாட்டி, பிடித்து, நண்பரிடம் ஒரு குச்சியைக் கொடுத்துக் கட்டைவிரல் நுனியில் லேசாகத் தட்டச் சொல்லுங்கள். அந்தத் தட்டுக்கே வலித்தால் வேறு பாருங்கள். கையுறையின் வாய் முன்கையின் பாதிவரை ஏறி, சட்டைக் கையை மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் வாள்முனை சட்டைக் கைக்குள் புகுந்துவிடும்.

அடுத்தது தலை. விளையாட்டு முகக்கவசம் முகத்தை நன்றாகக் காக்கும். பின்மண்டையில் ஒரு பட்டைதான் இருக்கும். உச்சந்தலைக்கு வரும் வெட்டை எதிர்பார்த்து நீங்கள் குனிந்தால், அடி விழுவது அந்த வெறும் இடத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயிற்சிக் கூடங்களில் கம்பிவலைக்கு மேல் உச்சியையும் காதையும் மூடும் தடித்த தோலைத் தைத்திருந்தார்கள். இன்றும் முகக்கவசத்தின் மேல் போர்த்துகிற, பின்மண்டையை மறைக்கிற உறை கிடைக்கிறது. அதைத் தனியாக வாங்க வேண்டும். முகக்கவசத்தை மாட்டியபின் தலையை வேகமாக உதறிப் பாருங்கள். அது உங்களோடு சேர்ந்து திரும்ப வேண்டும். ஒன்றை மட்டும் எந்தக் கவசமும் செய்யாது. மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. பலமான அடிக்குப் பிறகு தலை சுற்றினால், கண் மங்கினால், அன்றைக்குப் பயிற்சி முடிந்தது என்று வாளை வைத்துவிட வேண்டும். வீம்பு இங்கே ஆகாது.

தொண்டைக்கு முகக்கவசத்தில் தொங்கும் துணி போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது துளைபடாது, சரி. ஆனால் குத்து வந்தால் துணி உள்ளே அமுங்கும், மூச்சுக்குழாய் நசுங்கும். துணிக்கு அடியில் கெட்டித் தகடு உள்ள தனிக் கழுத்துக்காப்பு இல்லாமல் எஃகு சேபரை எதிர்த்து நிற்கவே கூடாது. விலை அதிகமில்லாத பொருள் இது. தயங்க ஒரு காரணமும் இல்லை.

முழங்கைக்குக் குழிவான தகடு. இத்தாலிய முறையில் வாளைச் சுழற்றுவதே முழங்கையை அச்சாக வைத்துத்தான், ஆகவே அது எப்போதும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். காலுக்கு முழங்காலையும் கணைக்காலையும் மூடும் காப்பு. பிரிட்டிஷ் முறையில் முன்காலுக்கு வரும் வெட்டைச் சட்டென்று காலைப் பின்னிழுத்துத் தவிர்ப்பது ஒரு பாடம். புதியவர் இழுப்பதற்குள் அடி விழுந்துவிடும். முதல் சில மாதங்களுக்குக் கால்பந்துக்காரர்கள் கட்டும் காப்பையே கட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆண்களுக்கு இடுப்புக்குக் கீழே காப்பு, பெண்களுக்கு மார்புத் தகடு. இவற்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி அந்தச் சட்டை. பல சங்கங்கள் குறைந்தது 350 இருக்க வேண்டும் என்கின்றன. என்னைக் கேட்டால், பஞ்சு வைத்துத் தைத்த 350 சட்டை, அதற்குள்ளே வாள் பிடிக்கும் கைப்பக்கத்து அக்குளையும் விலாவையும் மூடும் 800 உட்காப்பு, இது போதும். அந்த உட்காப்பில் அக்குளில் தையல் இருக்கக் கூடாது. வாள்முனை தேடிக்கொண்டு போவது தையலைத்தான். சட்டையைக் கண்ணாடி முன் நின்று பார்த்து வாங்காதீர்கள். ஒரு காலை முன்வைத்து, கையை நீட்டி, பாய்கிற நிலையில் நின்று பாருங்கள். தற்காப்பு நிலையில் நிற்கும்போது சட்டை கால்சட்டையின் மேல் பத்து சென்டிமீட்டராவது படிந்திருக்க வேண்டும் என்பது விளையாட்டு வாள்வீச்சின் விதி. நல்ல விதி, கடன் வாங்கிக்கொள்ளலாம்.

இத்தனையும் சொன்னபிறகு, எல்லாவற்றையும் இரண்டு மடங்காக மாட்டிக்கொண்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் வம்பு. தடித்த கவசத்துக்குள் இருப்பவருக்கு அடி பட்டதே உறைக்காது. உறைக்காததால் பட்டதை ஒப்புக்கொள்ள மாட்டார். எதிராளி என்ன செய்வார்? அடுத்த முறை இன்னும் ஓங்கி அடிப்பார். பாதுகாப்புக்காகச் சேர்த்த பஞ்சு, கடைசியில் அடியின் வேகத்தைத்தான் கூட்டும். போதாக்குறைக்கு வெப்பம் வேறு. அந்த மூட்டைக்குள் அரை மணி நேரம் குதித்தவருக்குக் கை தளரும், கவனம் சிதறும். வேகம் குறைத்து நிறுத்த வேண்டிய வெட்டை நிறுத்த முடியாமல் போகும்.

நேர் எதிரான உதாரணம் ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. அங்கே சில மாணவர் சங்கங்களில் மென்சூர் என்ற பழைய வழக்கம் உண்டு. சேபர் அல்ல, நேரான வேறொரு வாள். கண்ணுக்கு இரும்புக் கண்ணாடி, கழுத்தில் கனத்த கட்டு, உடம்புக்கும் கைக்கும் மெத்தை எல்லாம் போட்டுவிட்டு, கன்னத்தையும் நெற்றியையும் வேண்டுமென்றே திறந்து வைத்திருப்பார்கள். முகத்தில் வாங்கிய தழும்பு ஒரு காலத்தில் கௌரவச் சின்னம். மார்க் ட்வைன் ஹைடல்பெர்க்கில் இதைப் பார்த்துவிட்டு 1880-இல் வந்த தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். எனக்கு அந்தக் கௌரவம் புரியவில்லை. ஆனால் எதை மூடுவது, எதைத் திறந்து வைப்பது என்பதை அவர்கள் நன்றாக யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

கையில் காசு குறைவாக இருந்தால் முதலில் முகக்கவசமும் கழுத்துக்காப்பும், அடுத்து கையுறை. சட்டையைச் சங்கத்தில் இரவல் வாங்கிக்கொள்ளலாம். இவை சேரும்வரை நைலான் வாளால் மெதுவாகப் பழகுங்கள். அதற்கும் முகக்கவசம் கட்டாயம்.

வாங்கியதைப் பேணுவதும் உண்டு. மோதி மோதி வாளின் ஓரத்தில் பிசிறு கிளம்பும். அது எதிராளியின் சட்டையை ரம்பமாய் அறுக்கும்; ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் அரம் போட்டுத் தேய்த்துவிடுங்கள். கெவ்லார் கலந்த துணியைக் குளோரின் சலவைத் தூளில் ஊறவைக்காதீர்கள், உச்சிவெயிலில் காயப்போடாதீர்கள். இரண்டும் இழையைத் தின்றுவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. முகக்கவச வலையில் ஓரிடம் உள்வாங்கியிருந்தாலோ துரு பிடித்திருந்தாலோ, சுத்தியலால் தட்டிச் சரிசெய்து, வெள்ளி வர்ணம் பூசி இளையவர் ஒருவருக்குத் தானம் செய்துவிடாதீர்கள். வலையை வெட்டிக் குப்பையில் போடுங்கள். முழுதாகப் போட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.