புதிய விண்டோஸ் போட்டும் கணினி திணறுவது ஏன்?

பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே!

விண்டோஸ் 11 போட்ட மறுநாளே கணினி திணறுகிறது, மொபைல் டேட்டாவும் தீர்ந்து ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்றுவிடுகிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். உடனே கணினி கெட்டுவிட்டது என்று செலவு செய்யாதீர்கள். நாம் திறக்காத நிரல்கள் பின்னணியில் ஓடுவதும் காரணமாக இருக்கலாம்.

முதல் ஓரிரு நாள் அப்டேட் இறங்கும், பொறுத்திருங்கள். பிறகும் திணறினால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் ஸ்டார்ட்அப் பகுதியில், டீம்ஸ் போன்றவற்றில் உங்களுக்குத் தேவைப்படாததை ‘டிஸேபிள்’ செய்யுங்கள். அது அழிந்துவிடாது, வேண்டும்போது மீண்டும் இயக்கலாம். ஒன்டிரைவில் பாடங்களைச் சேமிப்பவர்கள் அதை நிறுத்த வேண்டாம்.

மொபைல் ஹாட்ஸ்பாட் பயன்படுத்துவோர் வைஃபை அமைப்பில் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை ஆன் செய்தால் டேட்டா மிச்சமாகும்.

ஒரு எச்சரிக்கை: வேகத்துக்காக விண்டோஸ் அப்டேட்டையும் டிஃபெண்டரையும் நிறுத்திவிடாதீர்கள். சர்வீசஸ் பட்டியலில் பெயர் புரியாததைத் தொடாதீர்கள். அழையாமல் வந்தவரை அனுப்பலாம். வாசல் காவலரை அனுப்பிவிடக் கூடாது.