அயல்நாட்டில் பத்தியம்

 

அயல்நாட்டு உணவு பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையினர் பணித்தபோது, நம் நெறி பிறழாமல் உண்ணும் வழியை நான் கூறுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதனை இங்குள்ளோர் என்னினும் நன்கறிவர். நான் பேச விழைவது, மருத்துவர் விதித்த பத்தியத்தைப் பற்றி.

என் பெயரனுக்கு இப்போது வயது 9. ஏழாம் வயதில் அவனுக்குச் சீலியாக் நோய் இருப்பது தெரியவந்தது. கோதுமை, பார்லி எனப்படும் வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் உள்ளே சென்றால், உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலைத் தாக்கும். உண்டதன் சத்து உடலில் சேராது. வாழ்நாள் முழுதும் பத்தியம் காப்பதே இதற்கு மருத்துவம். சப்பாத்தி, ரவை, சேமியா எல்லாவற்றையும் நிறுத்தியும் அவன் முழுமையாகத் தேறவில்லை. நாங்கள் வாங்கிவந்த கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருப்பதைப் பிறகே கண்டோம். பிள்ளைகளைப் ‘படி, படி’ என்று முப்பது ஆண்டு அதட்டிய நான், என் அடுக்களைப் பொட்டலத்தைப் படித்ததில்லை.

சென்ற ஆண்டு மகன் குடும்பத்தோடு ஜப்பானுக்குச் சென்றேன். முன்கூட்டிச் சொன்னால் விமானத்தில் ஜைன உணவும் கிடைக்கும், குளூட்டன் அற்ற உணவும் கிடைக்கும். ஆனால் ஒரு பயணிக்குப் பெரும்பாலும் ஒரு வகையைத்தான் பதிவு செய்ய இயலும். முன்னதில் கோதுமை இருக்கலாம். பின்னதில் இறைச்சி இருக்கலாம். ஆகவே அவனுக்கு வறுத்த அவலும், வீட்டில் சுட்ட அரிசி முறுக்கும் கட்டிக்கொண்டோம்.

கியோட்டோ நகரில் ‘ஷோஜின் ரியோரி’ என்றொரு உணவு மரபு உண்டு. பௌத்தத் துறவியர் வழி வந்தது. ஊனில்லை, மீனில்லை, வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. அங்கு பலவற்றிலும் கலக்கும் மீன்சாறு உண்டா என்று மட்டும் துருவித் துருவிக் கேட்டேன். இல்லை என்றதும் மனம் குளிர்ந்துவிட்டது. மருமகள் தன் கைப்பையிலிருந்து ஓர் அட்டையைத் தேடி எடுப்பதற்குள், “சாப்பிடுப்பா, நம்ம சாப்பாடு மாதிரிதான்” என்று நானே அவன் முன் தட்டை நகர்த்தினேன்.

அதில் பஞ்சுபோல் மெத்தென்றிருந்த பண்டத்தின் பெயர் ‘ஃபூ’. கோதுமை மாவைப் பிசைந்து, நீரில் கழுவி மாவுச்சத்தை நீக்கியபின் எஞ்சும் குளூட்டனால் செய்வது அது! அன்றிரவு விடியும்வரை குழந்தை வாந்தியாலும் வயிற்று வலியாலும் துடித்தான். உணவளித்தவர்மேல் குற்றமில்லை. கேட்டதற்கு மெய்யே சொன்னார்கள். தூய உணவு என்றால் தீங்கற்ற உணவு என்று எண்ணிக்கொண்டது என் பிழை.

மருமகள் தேடிய அட்டை, ஜப்பானிய மொழியில் முன்பே எழுதுவித்தது. ‘குளூட்டன்’ என்ற சொல் அங்குப் பலருக்குப் புரியாது. ஆதலால் மூன்று தானியங்களின் பெயரும், கோதுமை சேர்த்து ஊறவைக்கும் சோயா சாறும், நூடுல்ஸ் வேகவைத்த நீரிலோ அதே எண்ணெயிலோ சமைத்ததும் ஆகாது என்பதும் அதில் இருந்தன. மறுநாள் முதல் அட்டையைக் காட்டிய பின்னரே அமர்ந்தோம். தெளிவான விடை வராத இடத்தில் எழுந்துவிட்டோம். கூச்சமாகத்தான் இருந்தது. பல வேளை, தங்கிய வீட்டிலேயே சோறு வடித்தோம்.

கடைப் பொட்டலங்களில் கோதுமையைக் குறிப்பிட வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. வாற்கோதுமைக்கு அக்கட்டாயம் இல்லை. அதை வறுத்துக் காய்ச்சிய தேநீரையோ பல உணவகங்களில் தண்ணீர்போல் ஊற்றித் தருகிறார்கள். கோதுமையைச் ‘சிறிய’ என்ற எழுத்தாலும், வாற்கோதுமையைப் ‘பெரிய’ என்ற எழுத்தாலும் தொடங்கி எழுதுவர். மூன்று நாளில் பெயரன் இரண்டையும் கற்றுவிட்டான். “பாட்டி, இதுல பெரியது இருக்கு, வேண்டாம்” என்று அவனே பொட்டலத்தைத் திருப்பி வைத்தான்.

அவ்வட்டையில் உள்ளவற்றைத் தமிழில் எழுதி, படிகள் சிலவற்றை வாயில் மேசையில் வைத்திருக்கிறேன். தேவைப்படுவோர் எடுத்துக்கொண்டு, செல்லும் நாட்டு மொழி அறிந்தவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெருங்காய டப்பாவை இன்றே பாருங்கள்.