கிரிவலப் பாதையும் பாடம்தான்: திருவண்ணாமலை மாணவர் கூட்டத்தில் பேசியதிலிருந்து

பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிரம்பி வழியுது. தண்ணி, கழிப்பறை, குப்பை, பஸ்... இதையெல்லாம் யார், எந்தக் கணக்குல முடிவு பண்றாங்க? அந்தக் கேள்விதான் பொதுக்கொள்கைப் படிப்பு. முடிவெடுக்கிற அறையில நம்ம ஊர்ப் பிள்ளையும் உட்காரணும்.

ஐ.ஏ.எஸ். மட்டுமே வழியில்ல. பெங்களூரு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துல 2014லிருந்தே இதுக்கு முதுகலை இருக்கு. சட்டம் படிச்சிருக்கணும்னு இல்ல. இங்கேயே முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இருக்கு: 2 வருஷம் அரசுத் துறைகளோட வேலை, மாத ஊதியம், பாரதிதாசன் பல்கலைக்கழகச் சான்றிதழ்.

கட்டுரைத் தாள்னாலே பயம்தான், தெரியும். அதுக்கு ஒரு வழி சொல்றேன். கிராம சபை வருஷத்துக்கு 6 தடவை கூடுது. போய் உட்காருங்க, வரவு செலவைக் கேளுங்க, வீட்டுக்கு வந்து ரெண்டு பக்கம் எழுதுங்க. அக்டோபர் 2 வருது. நோட்டு எடுத்துட்டுப் போங்க.