ஆலோசகரிடம் நாம் கேட்க வேண்டியது

(ஏனாத்தூரில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



மனநல ஆலோசகரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பேசச் சொன்னீர்கள். "இதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், அதுவும் இலவசம். காசு தடைதான். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் எதைச் சொல்லலாம், எதை விழுங்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய தடை.

ஆய்வின் இரண்டாம் ஆண்டில் தூக்கம் போய், இரண்டு ஆலோசகர்களைப் பார்த்தேன். முதலாமவர் மரியாதையானவர். துறையில் என் காதுபடவே "கோட்டா" என்று பேசுவதைச் சொன்னேன். "அவங்க உங்களைத்தான் சொன்னாங்களா, நீங்களா நினைச்சுக்கிறீங்களா?" என்று கேட்டார். பிறகு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். இரண்டாமவர் கேட்டது வேறு: "அப்போ அந்த அறையில யாரெல்லாம் இருந்தாங்க? அவங்க என்ன செஞ்சாங்க?"

இரண்டாமவரிடமே தொடர்ந்தேன். அவர் தலித் அல்ல. நம்மவர் கிடைத்தால் நல்லது. நம்மவருக்கு மட்டும்தான் புரியும் என்பதை நான் ஏற்கவில்லை. (மூச்சுப் பயிற்சியும் பயன்பட்டது, இப்போதும் செய்கிறேன்.)

முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: "சாதியால நடந்ததைப் பேசணும். இப்படி வர்றவங்களைப் பார்த்திருக்கீங்களா?" "இல்லை, சொல்லுங்க, கேட்கிறேன்" என்பது நல்ல பதில். "நாங்க சாதியெல்லாம் பார்க்கிறதில்லை" என்று பேச்சை முடித்தால் வேறு ஆள் தேடலாம். எந்த ஊர் என்பதோடு நிற்காமல் எந்தத் தெரு என்று விசாரித்தாலும் அப்படியே. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா என்ன? கல்லூரி ஆலோசகர் என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: நான் சொல்வது துறைத்தலைவர் காதுக்குப் போகுமா? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் சேவைகளைச் சாதிப் பாகுபாடின்றிப் பெறுவதை உரிமை என்கிறது. நாம் கேட்பது சலுகையல்ல.

ரோஹித் வெமுலாவை 2016 ஜனவரி 17 அன்று இழந்தோம். மருத்துவர் பாயல் தட்வியை 2019 மே 22 அன்று. அந்த ஆண்டே இருவரின் தாய்மார்கள் ராதிகா வெமுலாவும் ஆபேதா தட்வியும் உச்ச நீதிமன்றம் போனார்கள். வளாகங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் கொண்டுவந்த விதிகளை நடைமுறைப்படுத்துங்கள் என்று கேட்டார்கள். பிள்ளைகளின் மனம் பலவீனமானது என்ற பேச்சுக்கு அவர்கள் இடம் கொடுக்கவில்லை.

ஏதாவது நடந்தால் நிர்வாகம் முதலில் "கவுன்சலிங் ஏற்பாடு செய்கிறோம்" என்றுதான் சொல்லும். போங்கள், அது உங்களுக்குத் தேவை. கூடவே புகாரையும் எழுத்தில் கொடுத்து, தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள். இரண்டாமவரிடம் போகத் தொடங்கி மூன்று மாதம் கழித்துத்தான் என் புகாரை முழுதாக எழுத முடிந்தது. அது இன்னும் விசாரணையில் இருக்கிறது.