ரெங்கோஜியிலிருந்து அவரை அழைத்து வாருங்கள்



ஜனவரி 23 வந்தால் நேதாஜி படத்துக்கு மாலை போடுகிறோம். போட்ட கையோடு பக்கத்தில் நிற்பவரிடம், "அவர் இறந்தாரா, இல்லையா?" என்று கேட்கிறோம். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று மேடை ஏறியிருக்கிறேன். இறந்துவிட்டார். 1945 ஆகஸ்ட் 18 அன்று, தைவானின் தைஹோகுவில், மேலே எழும்பியதுமே விழுந்து எரிந்த ஜப்பானிய ராணுவ விமானத்தில் உடல் கருகி, அன்று இரவே ராணுவ மருத்துவமனையில் உயிர் விட்டார். உடன் சென்ற கர்னல் ஹபீபுர் ரஹ்மான் தீக்காயங்களோடு பிழைத்து வந்து சாட்சி சொன்னார்.

"இல்லை, தப்பிவிட்டார், சாமியாராக ஃபைசாபாத்தில் வாழ்ந்தார்" என்கிறீர்களே, அன்பர்களே, யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று யோசித்தீர்களா?

1921-லேயே ஐ.சி.எஸ். பதவியைத் தூக்கி எறிந்தவர் அவர். 1939-ல் திரிபுரி காங்கிரஸ் தலைவர் தேர்தலில் காந்தியின் ஆதரவு பெற்ற வேட்பாளரையே தோற்கடித்தவர். 1941 ஜனவரியில், கல்கத்தாவில் போலீஸ் காவல் இருந்த சொந்த வீட்டிலிருந்து மாறுவேடத்தில் வெளியேறி, காபூல் வழியாக பெர்லின் போனார். 1943-ல் மடகாஸ்கர் அருகே நடுக்கடலில், ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து ரப்பர் படகில் இறங்கி, ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார்.

அந்த அரசுக்கு உயிர் கொடுத்தவர்கள் யார்? மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் 'கூலி' என்று அழைக்கப்பட்ட நம் தமிழர்கள்! காலையில் பால்மரம் சீவிய கை துப்பாக்கி பிடித்தது. சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி, ஜான்சி ராணிப் படையின் கேப்டன் ஆனார். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத பெண்கள் அந்தப் படையில் சேர்ந்து, இந்தியாவுக்காக உயிரைக் கொடுக்கத் தயாரானார்கள்.

1944-ல் இம்பாலில் அந்த அரசின் படை தோற்றது. சோறில்லை, மருந்தில்லை, மலேரியா, விடாத மழை. 1945 ஏப்ரலில் ரங்கூனைக் கைவிட்டபோது, ஜான்சி ராணிப் படைப் பெண்களோடு அவரும் சேற்றில் நடந்தார். அந்த மனிதரா, செங்கோட்டையில் தன் அதிகாரிகள் மூவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியபோது ஒளிந்துகொண்டிருந்தார்? வங்காளம் இரண்டாகப் பிளந்து ரத்தம் சிந்தியபோது வாய் திறக்காமல் இருந்தார்? வியன்னாவில் மனைவி எமிலியும் சின்னஞ்சிறு மகள் அனிதாவும் காத்திருக்க, ஒரு கடிதம்கூடப் போடாமல் இருந்தார்? உயிரோடிருந்தார் என்று சொல்லும் ஒவ்வொரு வாயும் அவரைக் கோழை என்று சொல்கிறது!

பசும்பொன் தேவர் திருமகனாரும் அவர் உயிரோடிருப்பதாகச் சொன்னார். நேதாஜிக்குத் தோள் கொடுத்து, தமிழ்நாட்டில் ஃபார்வர்ட் பிளாக் கட்சியை வேரூன்றச் செய்தவர் அவர். அந்த அன்பை வணங்குகிறேன். அந்த முடிவை ஏற்கமாட்டேன்.

1956-ல் ஷா நவாஸ் குழு, பிறகு கோஸ்லா ஆணையம், இரண்டும் விமான விபத்தில் இறந்துவிட்டார் என்றே சொல்லின. முகர்ஜி ஆணையம் மட்டும் 2005-ல் மறுத்தது. விபத்துக்குத் தைவானில் பதிவு இல்லை என்பதைப் பெரிய ஆதாரமாகக் காட்டியது. தோற்றுச் சரணடைந்த ராணுவம் அந்தக் குழப்பத்தில் எழுதாமல் விட்டதற்காக, எரிந்த உடலோடு வந்தவரின் சாட்சியத்தைத் தள்ளலாமா? அந்த அறிக்கையை அரசே ஏற்கவில்லை. ரகசியக் கோப்புகளைத் திறந்தால் எல்லாம் வெளிவரும் என்றார்கள். 2016-ல் திறந்தார்கள். சாமியார் வெளிவரவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கசப்பாக இருந்தாலும் கேளுங்கள். அவர் கை கோத்தது ஹிட்லரோடும் ஜப்பானின் தோஜோவோடும். அதே ஜப்பானிய ராணுவம்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் மக்களை சயாம் மரண ரயில்பாதைக்கு ஓட்டிச் சென்று ஆயிரக்கணக்கில் சாகவிட்டது. அந்தக் கூட்டு சரியா என்று கேட்க அந்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. அவருடைய அரசியலைப் பேச வேண்டிய இடத்தில் மர்மக்கதை பேசி, அந்தக் கேள்வியையும் அல்லவா நாம் அமுக்கிவிட்டோம்!

டோக்கியோவில் ரெங்கோஜி என்ற சிறிய பௌத்தக் கோயில். 1945 செப்டம்பரிலிருந்து அவருடைய அஸ்தி அங்கே இருக்கிறது. நேரு போனார், இந்திரா போனார், வாஜ்பாய் போனார். கும்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். எண்பது வயதைத் தாண்டிய மகள் அனிதா கேட்கிறார்: அப்பாவின் அஸ்தி இந்திய மண்ணுக்கு வரட்டும், சந்தேகம் இருந்தால் மரபணுச் சோதனை செய்யுங்கள் என்று. இதைவிட நியாயமான கோரிக்கை உண்டா?

ஆகவே ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன். அந்த மகள் கண்ணால் பார்க்க, அந்த அஸ்தியை இந்திய அரசு மரியாதையோடு கொண்டு வர வேண்டும். ஏற்பவர்கள் கை உயர்த்துங்கள். உயர்த்திய கையோடு வீட்டுக்குப் போய் அமர்ந்துவிடாதீர்கள். உங்கள் தொகுதி எம்.பி.க்கு நாளைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள்.