முதுமையில் ஆண்களின் எலும்பு நலம்

(நமது பள்ளிவாசலில் ஜமாஅத் பெரியவர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தமது முதுமையை அல்லாஹ்விடம் முறையிட்டபோது, நரையைச் சொல்லும் முன்பே எலும்பின் பலவீனத்தைச் சொன்னதாக மர்யம் அத்தியாயத்தில் ஓதுகிறோம். நாமோ எலும்புத் தேய்வைப் பெண்களுக்கு மட்டுமே உரிய நோயாகக் கருதி வாழ்கிறோம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், 50 வயதைக் கடந்த 252 ஆண்களைப் பரிசோதித்து 2014ஆம் ஆண்டு ஆய்வொன்றை வெளியிட்டனர். அவர்களுள் நூற்றுக்கு 20 பேருக்கு எலும்புப்புரை நோயும், 58 பேருக்கு அதற்கு முந்தைய நிலையான அடர்த்திக் குறைவும் இருந்தன. பாதிக்கும் மேற்பட்டோருக்கு வைட்டமின் டி குறைவு காணப்பட்டது.

ஆணின் உடலில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஆணின் எலும்பைக் காப்பதிலும் அந்த ஈஸ்ட்ரோஜனுக்குப் பெரும் பங்குண்டு. உடல் ஈஸ்ட்ரோஜனை ஏற்காத 28 வயது ஆண் ஒருவரின் எலும்புகள் நலிந்திருந்ததை 1994ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தபோதே இவ்வுண்மை தெளிவாயிற்று. மாதவிடாய் நின்றதும் பெண்களுக்கு இச்சுரப்பு விரைந்து குறைகிறது. ஆண்களுக்கு மெல்ல மெல்லக் குறைகிறது. ஆகவே, எலும்பு முறியும்வரை பலர் அறிவதேயில்லை.

அப்படியாயின் ஹார்மோன் மருந்து போதுமா? டெஸ்டோஸ்டிரோன் குறைந்த 5,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2024இல் வெளியானது. அம்மருந்தைப் பூசியவர்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை. சற்றுக் கூடுதலாகவே இருந்தது. எனவே, விளம்பரங்களைக் கண்டு வாலிப வலிமை தரும் லேகியம், ஊசி என்று பொருளை இழக்க வேண்டாம். உண்மையான குறைபாடு உண்டா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கூன் விழுதல், உயரம் குறைதல், சிறு தடுக்கலுக்கே எலும்பு முறிதல் ஆகியவை எச்சரிக்கைகள். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர்களும், புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோனைக் குறைக்கும் சிகிச்சை பெறுபவர்களும், எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என மருத்துவரிடம் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். உடல் அமானிதம், அதன் நோயை மறைப்பது கண்ணியமன்று.

இயன்றவர்கள் ஐவேளைத் தொழுகைக்கும் நடந்தே வாருங்கள், காலை வெயில் உடலில் படட்டும், புகையை விடுங்கள். குற்றாலச் சாரல் நம் குத்துக்கல்வலசையையும் நனைக்கும் மாதங்களில், ஒளுச் செய்யும் இடத்தில் வழுக்கி விழாதிருக்கக் கைப்பிடி அமைக்குமாறு நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது, அதில் குறைவேதுமில்லை.

வல்ல ரஹ்மான் நம் பெரியவர்களுக்கு ஆஃபியத்தையும் நீண்ட ஆயுளையும் தந்தருள்வானாக! ஆமீன்.