ஞாபகப் பரிசோதனை பரீட்சை அல்ல



நாற்பது, ஐம்பது வயதில் மறதி கூடினால் எங்களில் பலர் அதை மறைக்கிறோம். வேலை போய்விடுமோ, பிள்ளைகள் பயந்துவிடுவார்களோ என்ற அச்சம். வைத்தியரிடம் போகத் துணிந்தாலும், முதல்நாள் இரவு வினாக்களைத் தேடிப் பாடமாக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. கெட்டிக்கார மாணவிகள் அல்லவா!

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஐந்து சொற்களை ஞாபகத்தில் வைப்பதும் மணிக்கூடு வரைவதும் உங்கள் சிரமம் எங்கே என்று காட்டுவதற்காகவே. பாடமாக்கினால் அது மறைந்துவிடும். 30க்கு எடுத்த புள்ளியை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிப்பதில்லை.

இரத்தம் எடுப்பது நல்ல செய்தியைத் தேடித்தான். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு ஆகியவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நித்திரைக் குறைவு, மனச்சோர்வு, மாதவிடாய் நிற்கும் காலம், சில நித்திரை மாத்திரைகள் ஆகியனவும் மறதியைத் தரும். ஸ்கானில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் சிரமம் தொடர்ந்தால் மீண்டும் போய்ச் சொல்லுங்கள்.

பாவிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் கொண்டு செல்லுங்கள். மூக்குக்கண்ணாடியை மறக்காதீர்கள். உங்களை நன்கு அறிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். நீங்கள் கவனிக்காத மாற்றத்தை அவர் சொல்வார், பதற்றத்தில் உங்கள் காதில் விழாததை அவர் கேட்பார். வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளே, தமிழே உங்களுக்கு இலகு என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மொழிச் சிரமம் மறதியாகக் கணக்கிடப்படக்கூடாது.

முடிவு வரும்வரை காத்திருக்கும் நாட்கள்தான் கடினம். அந்த நாட்களில் ஒரு வகுப்புத் தோழிக்காவது சொல்லுங்கள். தனியே சுமக்காதீர்கள்.